செம்மறிக்கு மருந்துக் கணக்கா, ஈற்றுக் கணக்கா?

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து ஊத்திடுங்க, வேற ஒண்ணும் வேணாம்." தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று டெல்டாவின் எந்த மூலையில் செம்மறி வைத்திருப்பவரிடம் பேசினாலும் இந்த வாக்கியம் வந்துவிடும். மருந்துக்கடையில் சொல்கிறார்கள், ஆட்டுத் தரகர் சொல்கிறார், யூடியூபில் பண்ணை காட்டுகிறவரும் சொல்கிறார். சொன்னபடி தவறாமல் ஊற்றுகிற பட்டியிலும் ஐப்பசி அடைமழை ஓய்ந்த கையோடு தாடை வீங்கிய ஆடுகள் நிற்கின்றன, கார்த்திகை மார்கழியில் குட்டிகள் சாகின்றன. மருந்து டூப்ளிகேட் என்று பாட்டிலை மாற்றுகிறார்கள். அடுத்த வருஷமும் அதே கதைதான். இந்த மூன்று மாதக் கணக்கு டெல்டாவுக்குப் பொருந்தாது என்பது என் கட்சி. அதோடு, ஆட்டைக் காப்பாற்ற வேண்டிய மருந்தையே அது மெல்ல மெல்லச் செல்லாக்காசாக்கிக்கொண்டிருக்கிறது.

இங்கே செம்மறியைக் கொல்கிற புழுக்களில் முதல் இடம் ஹீமான்கஸுக்கு. குடற்புழு என்று பொதுப்பெயர் சொன்னாலும் இது வசிப்பது குடலில் அல்ல, நான்காம் இரைப்பையில். முந்தின நாள் மேய்ந்துவிட்டு வந்து மறுநாள் காலையில் விறைத்துக் கிடக்கிற ஆட்டை அறுத்துப் பார்த்தால் விளங்கும். (மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் கசிந்திருந்தால் அறுக்கவே கூடாது, அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம்.) இறைச்சி வெளுத்திருக்கும், ரத்தம் தண்ணீராக ஓடும், வயிற்றுக்குள் நீர் கோத்திருக்கும். குடல் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிற நான்காம் இரைப்பையைக் கீறி, உள்ளே இருப்பதைத் தரையில் கொட்டிவிடாமல் தட்டில் ஏந்தினால், இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் மெல்லிய புழுக்கள் நெளியும். பெண் புழுவின் ரத்தம் நிறைந்த குடலை வெள்ளைச் சினைக்குழல் சுற்றியிருப்பதால், சிவப்பு நூலும் வெள்ளை நூலும் சேர்த்து முறுக்கிய மாதிரி தெரியும். ஆடு செத்து நேரமாகிவிட்டால் அந்தச் சிவப்பு மங்கிப்போகும்.

ஒரு புழு நாளைக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் குடிக்கிறது. 2,000 புழு இருந்தால் 100 மில்லி. 25 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தம் ஓடுவதே ஒன்றரை லிட்டர் சொச்சம்தான். இரண்டு வாரத்தில் உடம்பின் ரத்தம் முழுவதற்கும் சமமான அளவு வெளியே போய்விடுகிறது. ஆடு புதிதாக ரத்தம் ஊறவைத்து ஈடுகட்டப் பார்க்கும். இரும்புச்சத்தும் புரதமும் தீர்ந்ததும் கீழே விழும். ரத்தத்தில் புரதம் குறைவதால்தான் தாடைக்கடியில் நீர் கோக்கிறது. காலையில் வடிந்தும், தலையைத் தொங்கப்போட்டு மேய்ந்து திரும்பும் சாயங்காலத்தில் பெருத்தும் தெரியும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "கழிச்சலே இல்லையே சார், புழுக்கை நல்லாத்தானே போடுது?" என்பார்கள். ஹீமான்கஸ் கழிச்சல் உண்டாக்குகிற புழு இல்லை. புழுக்கை உருண்டையாக, கெட்டியாகவே விழும். மாறாக, சாணத்தில் வெள்ளையாக அரிசி அரிசியாக, நாடா நாடாவாக வந்தால் பதறிப்போய் ஓடிவருகிறார்கள். அது நாடாப்புழு, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அதன் கெடுதல் பெரிதில்லை. கொல்லுகிற புழுவின் முட்டை கண்ணுக்கே தெரியாது.

மழைக்கால ஈரத்தில் அந்த முட்டைக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தால் மூன்று மாதக் கணக்கின் ஓட்டை தெரிந்துவிடும். ஒரு பெண் புழு நாளைக்கு 5,000 முதல் 10,000 முட்டை இடும். புழுக்கையோடு விழுந்த முட்டை, நம் ஊர் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் ஒரு வாரத்துக்குள் பொரித்து, ஆட்டைத் தொற்றும் பருவத்து இளம்புழுவாகிவிடும். புல்லில் படிந்த நீர்ப்படலத்தில் ஊர்ந்து, பெரும்பாலும் அடிப்புல்லில் நான்கைந்து சென்டிமீட்டருக்குள் காத்திருக்கும். ஆட்டின் வயிற்றுக்குள் போனபின் சுமார் மூன்று வாரத்தில் முட்டையிடும். ஆக முட்டையிலிருந்து முட்டைக்கு ஒரு மாதம். புரட்டாசி கடைசியில் மருந்து ஊற்றி அன்றைக்கே ஈரத் திடலில் மேயவிட்டால், ஐப்பசி கடைசிக்குள் ஆடு பழையபடி முட்டை போட ஆரம்பித்திருக்கும். அடுத்த மருந்துக்கோ மார்கழி வரை காத்திருக்கிறோம். மழைக்காலத்தின் மோசமான இரண்டு மாதங்கள் காவலே இல்லாமல் ஓடிவிடுகின்றன.

கோடையில் ஊற்றும் மருந்து

மழையில் ஊற்றியது போதவில்லை என்பது ஒரு பக்கம். மறுபக்கத்தைப் பலர் யோசிப்பதில்லை. சித்திரை, வைகாசியில் பட்டி முழுவதற்கும் ஊற்றுகிறோமே, அதுதான் ஆபத்து அதிகமானது. தரை வெடித்துக் கிடக்கும்போது வெளியே இளம்புழு ஏறக்குறைய இல்லை. இருக்கிற புழுவெல்லாம் ஆட்டு வயிற்றில்தான். அந்த நேரத்தில் ஒன்று விடாமல் எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால், மருந்துக்குத் தப்பிப் பிழைத்த சில புழுக்கள் மட்டும்தான் அடுத்த மழைக்கு விதை. மருந்துக்கு அடங்குகிற புழு கலந்து அவற்றை நீர்த்துப்போகச் செய்ய வழியே இல்லை. இப்படி நாலைந்து கோடை போனால் அந்தப் பட்டிக்கு அந்த மருந்து தண்ணீர்தான். இது இன்றைய பிரச்சினையும் அல்ல. நவீனப் புழு மருந்துகளில் முதலாவதான தயாபெண்டசோல் 1961இல் சந்தைக்கு வந்தது; அதற்கு அடங்காத ஹீமான்கஸ் 1964லேயே அமெரிக்காவில் பதிவாகிவிட்டது. அதே வகையைச் சேர்ந்த அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் இரண்டுக்கும் அடங்காத புழுக்கள் தமிழ்நாட்டுப் பண்ணைகளிலும் பதிவாகியிருக்கின்றன. இந்த இரண்டும் ஒரே குடும்பம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். போன தடவை அல்பெண்டசோல், இந்தத் தடவை ஃபென்பெண்டசோல் என்று மாற்றுவது மாற்றமே இல்லை. பாட்டிலின் லேபிள்தான் மாறுகிறது.

உங்கள் பட்டியில் மருந்து வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். பத்துப் பதினைந்து ஆட்டுக்கு அடையாளம் போட்டு, ஆசனவாயிலிருந்தே சாணம் எடுத்து, முட்டை எண்ணச் சொல்லுங்கள். மருந்து கொடுத்துப் பத்து முதல் பதினான்கு நாளுக்குள் அதே ஆடுகளிடம் மறுபடி எடுங்கள். சராசரி கிராமுக்கு 1,200 முட்டை இருந்தது 60க்குக் கீழே இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. 300, 400இல் நின்றால் அந்த வகையை மறந்துவிடலாம். சாணத்தைக் காற்றுப் புகாமல் சின்ன பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் பக்கத்தில் வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். வெயிலில் ஒரு நாள் கிடந்தால் முட்டை பொரித்துவிடும், எண்ணிக்கை பொய்யாகும். இதற்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தைக் கேட்கலாம். தஞ்சை மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

ஈன்ற ஆடு

விஷயத்தின் மையம் இனிமேல்தான். குட்டி எங்கிருந்து புழு வாங்குகிறது? மண்ணிலிருந்து, வெளி ஆட்டிலிருந்து, சாக்கடைத் தண்ணீரிலிருந்து என்று பல பதில் வரும். பெரும்பங்கு அதன் தாயிடமிருந்துதான். பால் வழியாக அல்ல, புழுக்கை வழியாக.

வளர்ந்த பெட்டைக்குப் புழுவை அடக்கிவைக்கும் எதிர்ப்புச் சக்தி உண்டு. ஈனுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னாலிருந்து, ஈன்று ஆறு எட்டு வாரம் வரைக்கும் அந்தச் சக்தி தளர்ந்துவிடுகிறது. வயிற்றில் குட்டியும் மடியில் பாலும் கேட்கிற புரதம் போக, புழுவோடு போராட மிச்சம் இருப்பதில்லை. அதுவரை அடங்கியிருந்த புழுக்கள் முட்டையை அள்ளி வீசும்; புதிதாக உள்ளே போகிறவையும் தடையின்றி வளரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓர் ஆட்டில் 300 பெண் புழு, ஆளுக்கு 5,000 முட்டை என்றால் நாளைக்கு 15 லட்சம். இருபது ஆடு ஈன்று நிற்கிற திடலில் அது மூன்று கோடி. தாய் கொஞ்சம் மெலிவாள், அவ்வளவுதான். பால் கொடுத்தால் மெலியத்தானே செய்யும் என்று விட்டுவிடுவோம். குட்டி மூன்றாவது வாரத்தில் புல்லைக் கடிக்கக் கற்றுக்கொள்ளும்போது, அதன் உயரத்துக்கு எட்டுகிற அடிப்புல்லில்தான் அத்தனை இளம்புழுவும் இருக்கிறது. எட்டாவது, பத்தாவது வாரத்தில் குட்டியின் தாடை வீங்கும். அப்போது குட்டிக்கு மருந்து தேடி ஓடுகிறோம். மருந்து போயிருக்க வேண்டியது இரண்டு மாதம் முன்பு, தாயின் வாயில்.

ஆகவே டெல்டாவில் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் பெட்டைகளுக்குக் கணக்காக மருந்து கொடுக்க முடியும் என்றால், அந்த ஒரு தடவை ஈற்றையொட்டித்தான் இருக்க வேண்டும். ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பு என்பது ஏட்டுக் கணக்கு. நிறைசினையை அமுக்கிப் பிடித்து மல்லுக்கட்டினால் குட்டி வீசிவிடும் அபாயம் உண்டு. பிடித்துப் பழகாத ஆடாக இருந்தால் ஈன்ற இரண்டு மூன்று நாளுக்குள், குட்டியோடு பட்டியில் நிற்கும்போது கொடுப்பது நல்லது. அப்போதும் கொழுத்து, இமையின் உட்சதை நல்ல சிவப்பாக (ரத்தம் குறையவில்லை என்று அர்த்தம்) இருந்து, ஒற்றைக்குட்டி போட்ட சில ஆடுகளுக்கு ஊற்றாமல் விட்டுவிடுங்கள். மருந்துக்கு அடங்குகிற புழுக்களின் வித்து பட்டியில் மிஞ்ச வேண்டும்.

மருந்தைவிடப் பெரிய பிடி ஒன்று கையில் இருக்கிறது: எந்த மாதத்தில் ஈனுவது என்பது. செம்மறியின் சினைக்காலம் ஐந்து மாதம். கிடா எப்போதும் பெட்டைகளோடு திரிந்தால், கோடைமழைப் புல்லுக்கு உடம்பு தேறி ஆனி, ஆடியில் சினைப்பிடித்த ஆடுகள் கார்த்திகை, மார்கழியில் ஈனும். வடகிழக்குப் பருவமழையின் நடுவில், திடலெல்லாம் சொதசொதவென்று இருக்கும்போது, எதிர்ப்புச் சக்தி இறங்கிய தாயும் எதிர்ப்பே இல்லாத குட்டியும் ஒரே ஈரத்தில் நிற்கும். புழு கேட்பதெல்லாம் இதுதான். வைகாசியிலிருந்து கிடாவைத் தனியே கட்டிவைத்து, அல்லது வயிற்றுக்கடியில் சாக்கு கட்டிவிட்டு, ஆவணி முதல் தேதி அவிழ்த்து 45 நாள் சேர்த்தால் தை, மாசியில் ஈற்று. மழை ஓய்ந்திருக்கும், அறுப்பு முடிந்து தாள் நிற்கும், வெயில் ஏறும். தாய் போடுகிற முட்டையில் பெரும்பகுதி பொரிக்காமலே காய்ந்துபோகும். அடுத்த மழை வரும்போது குட்டிகளுக்கு எட்டு ஒன்பது மாதம். ஓரளவு எதிர்ப்பு வந்திருக்கும்.

இதில் சிக்கலும் உண்டு. தையில் சம்பா அறுத்த வயலிலெல்லாம் ஆட்டை இறக்க முடியாது. தாளடியிலேயே உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். உளுந்து போடாத வயலை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும், இல்லையென்றால் பங்குனி வரை கைத்தீவனம். சிந்திய நெல்லை வயிறுமுட்டத் தின்று உப்புசத்தில் சாகிற ஆடும் உண்டு. இன்னொன்று மருந்து சம்பந்தப்பட்டது: சினைப்பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுத்தால் கரு கெடும், ஊனக்குட்டி பிறக்கும். கிடா சேர்த்த நாளிலிருந்து, கிடாவைப் பிரித்து ஒரு மாதம் ஆகும்வரை, அதாவது ஆவணி முதல் ஐப்பசி வரை, அந்தப் பாட்டிலைத் தொடவே கூடாது. அந்தக் காலத்தில் இமை வெளுத்தால் ஃபென்பெண்டசோலோ, அதற்குப் புழு அடங்காத பட்டியில் வேறு குடும்பத்து மருந்தோ மருத்துவரைக் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

தீவனத்தையும் மருந்தாகவே எண்ண வேண்டும். கடைசி ஒன்றரை மாதச் சினையிலும் பால் கொடுக்கிற முதல் இரண்டு மாதத்திலும் கடலைப் பிண்ணாக்கு, உளுந்துப் பொட்டு, தவிடு கலந்து ஆட்டுக்கு நாளைக்கு 200, 250 கிராம் கிடைத்தால் முட்டை போடுவது குறையும். புரதம் வந்தால் எதிர்ப்பு அவ்வளவாகத் தளராது. அகத்தி, கிளிரிசிடியா, ஒதியந்தழை எல்லாம் இதில் சேரும். மேலே கட்டித்தொங்கவிட்ட தழையில் இளம்புழு ஏறி வருவதில்லை என்பது கூடுதல் லாபம்.

கிடை சொல்லும் கணக்கு

அறுப்புக்குப் பின் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் (ஊர் ஊராகப் போகிற ஆட்டு மேய்ப்பர்கள்) ஆட்டை ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வருவதும், வயலுக்கு வயல் கிடை போடுவதும் (இரவில் ஆட்டை வயலிலேயே அடைத்துவைப்பதும்) நமக்குத் தெரிந்த காட்சி. அதை உரத்துக்கான ஏற்பாடாக மட்டுமே பேசுகிறோம். புழுவின் பக்கமிருந்து பார்த்தால் அதைவிட நல்ல ஏற்பாட்டைத் தேட வேண்டியதில்லை. இன்று ஒரு வயல், ஓரிரு நாளில் அடுத்த வயல். முட்டை விழுந்த இடத்தில் ஒரு வாரம் கழித்து, இளம்புழு தயாராகும்போது, அந்த ஆடு அங்கே இல்லை. பிறகு அந்த வயலை உழுது, சேறடித்து, நெல் நடுகிறார்கள். திரும்பவும் அங்கே ஆடு வர மாதக்கணக்காகும். பனி காய்ந்து ஒன்பது பத்து மணிக்குமேல்தான் மேயவிடுவது என்கிற வழக்கத்திலும் அதே பாதுகாப்பு இருக்கிறது.

உள்ளூரில் நிரந்தரமாக இருபது முப்பது ஆடு வைத்திருப்பவருக்கு இந்த வசதி இல்லை. நாற்றங்கால் தொடங்கியதும் மேய்ச்சல் ஒரு வாய்க்கால் கரை, ஒரு கோயில் திடல் என்று சுருங்கிவிடும்; ஆனி முதல் மார்கழி வரை அதே இடம். அங்கேதான் புழு குவிகிறது. திடலை வலை கட்டி ஒன்பது பத்துத் துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் மூன்று நான்கு நாள் மட்டும் மேய்த்து நகர்ந்தால், முதல் துண்டுக்குத் திரும்ப ஐந்து வாரம் ஆகும். வெப்பமான ஈரநாட்டில் இளம்புழு துருதுருவென்று இருப்பதால் உடம்பில் சேர்த்துவைத்த சத்தைச் சீக்கிரம் எரித்துத் தீர்த்துவிடுகிறது. தீனி எடுக்கவும் அதற்கு வழியில்லை. ஐந்தாறு வாரத்தில் பெரும்பாலானவை செத்துப்போகும். பசிபிக் தீவுகளில் 1990களில் வெள்ளாடுகளை இப்படிப் பத்துத் துண்டில் மூன்றரை நாளுக்கொரு முறை மாற்றி மேய்த்துப் பார்த்து, மருந்துத் தேவை வெகுவாகக் குறைந்ததைக் கண்டார்கள். குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்கிற மாதக்கணக்கு ஓய்வு நமக்கு வேண்டாம். புல்லை ஒட்ட மேயவிடாமல் நான்கு விரல் உயரம் மிச்சம் இருக்கும்போதே நகர்த்த வேண்டும்.

தரைக்கு மேலே உயர்த்திப் பரண் கொட்டகை கட்டினால் எல்லாம் தீர்ந்தது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பரணுக்குக் கீழே கழுவிய தண்ணீரையே தீவனப்புல்லுக்குப் பாய்ச்சி, அந்தப் புல்லை அடியோடு அறுத்து, ஈரம் சொட்டச் சொட்ட மேலே போட்டால், புழுவை நாமே மாடி ஏற்றுகிறோம்.

வாய்க்கால் ஓரம்

மேட்டூர்த் தண்ணீர் வந்து நத்தை பெருகியபின் டெல்டாவுக்கே உரிய இன்னொரு கூட்டம் வருகிறது: கல்லீரல் புழுவும், இரைப்பைத் தட்டைப்புழுவும். மழை ஓய்ந்து குளம் குட்டை வற்றும்போது, தண்ணீர் இறங்கிய விளிம்பில் முளைக்கிற பச்சைப்புல்லில், நத்தையிலிருந்து வெளியேறிய இவற்றின் இளம்புழுக் கூடுகள் ஒட்டியிருக்கும். இதுவும் தாடை வீக்கத்தைக் கொண்டுவரும். கல்லீரல் புழு இமையையும் வெளுக்க வைக்கும். தட்டைப்புழுவின் குஞ்சுகள் நாற்றமெடுக்கும் நீர்க்கழிச்சலைத் தரும். ஆய்வுக்கூடத்தில் உப்புக்கரைசலில் முட்டையை மிதக்கவிட்டுப் பார்த்தால் இவற்றின் முட்டை மிதக்காது, கனமானது. "சாணத்துல புழு இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்று ஆட்டைச் சாகவிட்டவர்கள் உண்டு. சாணத்தைக் கொடுக்கும்போதே, படியவைத்தும் பாருங்கள் என்று கேட்டு வாங்குங்கள். மருந்தும் வேறு. ட்ரைக்ளாபெண்டசோல் கல்லீரல் புழுவின் குஞ்சையும் கொல்லும், ஹீமான்கஸையும் இரைப்பைத் தட்டைப்புழுவையும் தொடாது. இரைப்பைத் தட்டைப்புழுவுக்கு ஆக்சிகுளோசனைடு.

இமையும் அளவும்

மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வோர் ஆட்டின் கீழிமையையும் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் கேட்கிற பெரிய வேலை. தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டை இதற்காகவே ஐந்து நிறங்களைத் தருகிறது. 1 நல்ல சிவப்பு, 5 வெள்ளை. நல்ல வெளிச்சத்தில் ஆட்டை நிறுத்தி, கட்டைவிரலால் மேலிமையை மூடி விழியை லேசாக அழுத்தி, மறு கட்டைவிரலால் கீழிமையை இறக்கினால் உள்சதை பிதுங்கி வரும். இமை விளிம்பை விட்டுவிட்டு அந்தச் சதையின் நடுவைப் பாருங்கள். நேரம் எடுத்தால் நிறம் மாறிவிடும், இரண்டு நொடிதான். கண்வலி வந்த ஆட்டில் இது பொய் சொல்லும். 4, 5 என்றால் கட்டாயம் மருந்து. குட்டி, நிறைசினை, பால் ஆடு என்றால் 3க்கும். 5இல் இருக்கிற ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள், வழியிலேயே விழும்.

கொடுக்கிற மருந்தைச் சரியான அளவில் கொடுக்க வேண்டும். ஆட்டைக் கண்ணால் பார்த்து எடை சொன்னால் பெரும்பாலும் குறைத்தே சொல்கிறோம். தொங்கு தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். அல்பெண்டசோல் 2.5 சதவீதக் கரைசலில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம். கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் வீதம் 30 கிலோ ஆட்டுக்கு 9 மில்லி. பாட்டிலைக் குலுக்காவிட்டால் முதல் ஆட்டுக்குத் தெளிவும் கடைசி ஆட்டுக்கு வண்டலும் போகும். ஐந்து ஆட்டுக்கு ஒருமுறை குலுக்குங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்தால் நுரையீரலுக்குள் போகும். தலை தரைக்கு இணையாக இருக்க, கடைவாய் வழியே குழாயை நுழைத்து நாக்கின் மேல், தொண்டைப் பக்கமாக மெதுவாக விட வேண்டும். இந்தக் குடும்பத்து மருந்து முந்தின இரவு தீனியை நிறுத்தியிருந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும். நிறைசினை ஆட்டைப் பட்டினி போடக் கூடாது. குளோசான்டெல் ரத்தம் குடிக்கும் புழுவுக்கு நல்ல மருந்து, ஆனால் அளவு மீறினால் கண் போய்விடும். லெவாமிசோலிலும் மிகை அளவுக்கு இடமில்லை.

எந்த ஆட்டுக்கு எப்போது ஊற்றினோம் என்று காதுத்தோடு எண்ணைப் போட்டு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரே மழைக்காலத்தில் மூன்றாம் தடவை மருந்து கேட்கிற பெட்டையைத் தையில் விற்றுவிடலாம்; அதன் குட்டியைக் கிடாவுக்கு நிறுத்தவே கூடாது. புழுவைத் தாங்கும் குணம் ஓரளவு பரம்பரையாக வருவது. வங்காளத்தின் சுந்தரவனச் சதுப்பில் வளர்கிற கரோல் செம்மறி உருவத்தில் சின்னது, ஹீமான்கஸைத் தாங்குவதில் பேர் வாங்கியது. நாமோ உயரத்தையும் எடையையும் பார்த்து வறண்ட சீமையின் நெல்லூர்க் கிடாவை வாங்கி வந்து சேற்றில் நிறுத்துகிறோம். அப்படி வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், வந்த அன்றே இரண்டு வெவ்வேறு குடும்பத்து மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுத்து, இரண்டு வாரம் தனியே கட்டி, சாணத்தை எண்ணிப் பார்த்தபிறகு பட்டியில் விடுங்கள். அந்த இரண்டு வாரச் சாணத்தைத் திடலில் கொட்டாமல் குப்பைக்குழியின் நடுவில் புதைத்து மூடிவிடுங்கள். குழி கிளப்பும் சூட்டில் முட்டை பிழைக்காது.